வண்டிக் காப்பீடு: யாருக்குக் காப்பு?

கோத்தகிரியில் ஒரு வீட்டுக்குக் கார் வந்துவிட்டால், அதை முதலில் கோயில் முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்துவது நம் வழக்கம். குருவானவர் மந்திரித்துத் தீர்த்தம் தெளிக்கிறார். பிள்ளைகள் முன்கண்ணாடிக்கு அருகே செபமாலையைத் தொங்கவிடுகின்றனர். இன்ஷூரன்ஸ் பத்திரமோ ஆர்.சி. புத்தகத்தோடு சேர்த்து மடிக்கப்பட்டு, முன்னிருக்கைக்கு எதிரே உள்ள சிறு அறைக்குள் போய்விடுகிறது. போலீசார் கேட்டாலொழிய அது மறுபடியும் வெளியே வருவதில்லை. நிலம் வாங்கினால் வில்லங்கம் பார்க்கிறோம். பெண் கொடுத்தால் ஊரெல்லாம் விசாரிக்கிறோம். உயிரும் பொருளும் சம்பந்தப்பட்ட இந்தப் பத்திரத்தை வாங்கும்போது மட்டும், "எவ்வளவு ஆகும்?" என்ற ஒரே கேள்வியோடு நிறுத்திக்கொள்கிறோம்.

இப்பழக்கத்திற்கு ஒரு வரலாற்றுக் காரணமும் உண்டு. பொதுக் காப்பீட்டுத் தொழில் நாட்டுடைமையாக்கப்பட்டு, 1973 ஜனவரி 1 முதல் நான்கு அரசுக் கம்பெனிகளின் கைக்கு வந்தது. நேஷனல், நியூ இந்தியா, ஓரியண்டல், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைட்டெட் இந்தியா என்பவை அவை. வண்டிக் காப்பீட்டுக் கட்டணமும் நிபந்தனைகளும் ஒரே அட்டவணைப்படி அமைந்திருந்தன. எந்த அலுவலகத்துக்குப் போனாலும் ஒரே பொருள், ஒரே விலை. ஆதலால் கேட்டு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய தேவை மக்களுக்கு இருக்கவில்லை. 2000-ஆம் ஆண்டில் தனியார் கம்பெனிகள் உள்ளே வந்தன. 2007 ஜனவரி 1 முதல், நம் சொந்த வண்டிக்கு நேரும் சேதத்திற்கான கட்டணத்தை அந்தந்தக் கம்பெனியே தீர்மானித்துக்கொள்ளலாம் என்றாயிற்று. கடைகள் பெருகின, சரக்குகளும் பலவாயின. நாமோ பழைய பழக்கத்தை விடவில்லை.

சென்ற ஆண்டு எங்கள் இல்லத்தில், ஆறு ஆண்டுகள் ஓடிய ஒரு காரை வாங்கினோம். மூப்படைந்த எங்கள் தாயாரைக் கோவையில் உள்ள மருத்துவமனைக்கு அடிக்கடி அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது. மேட்டுப்பாளையம்வரை சுமார் 33 கி.மீ. தூரம் வளைந்து வளைந்து இறங்கும் பேருந்துப் பயணத்தை அவர்களால் தாங்க இயலவில்லை. வண்டி முடிவானதும், காப்பீட்டு முகவர் ஒருவர் இரண்டு தாள்களைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். ஒன்றில் தொகை குறைவு. மற்றொன்றில் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். "சட்டத்துக்கு இதுவே போதும், சார். பழைய வண்டிதானே!" என்று குறைந்த தொகைத் தாளை முன்னால் நகர்த்தினார்.

அருகில் அமர்ந்திருந்த தாயார், "ஏனப்பா, பின்னால் உட்கார்ந்து வருகிற எனக்கு இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்டார்கள். முகவர் சற்றுத் தயங்கினார். "இரண்டு நாள் கழித்து வாருங்கள், வரும்போது நிபந்தனைகள் முழுவதும் அச்சிட்ட புத்தகத்தையும் கொண்டுவாருங்கள்" என்று சொல்லி அனுப்பினோம். பின்னர் இரண்டையும் பக்கத்தில் பக்கமாக வைத்துப் படித்தோம். தாயார் கேட்டதே முறையான கேள்வி என்பது அப்போது விளங்கியது. எவ்வளவு என்று கேட்குமுன், யாருக்கு என்று கேட்க வேண்டும். அந்த வரிசையிலேயே நாங்கள் அறிந்துகொண்டவற்றை வாசகக் குடும்பங்களுக்கு இங்கே எடுத்துரைக்க விழைகிறோம்.

எதிரே வருபவருக்கு

மோட்டார் வண்டிகள் ஓடத் தொடங்கிய காலத்தில், மோதுண்டு வீழ்ந்தவருக்கு நீதிமன்றம் இழப்பீடு விதித்தாலும், அதைக் கொடுக்க வண்டிக்காரரிடம் பணம் இல்லாத நிலை அடிக்கடி ஏற்பட்டது. இக்குறையைத் தீர்க்க, அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம் 1927-இல் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. பிரிட்டன் 1930-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அதே வழியில் சென்றது. நம் நாட்டில் 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் இவ்விதி இடம்பெற்று, 1946 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இப்போதைய 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 146-ஆம் பிரிவு அதையே வற்புறுத்துகிறது. காப்பீடு இன்றி வண்டி ஓட்டினால், முதல் தடவைக்கே ரூ.2,000 அபராதமோ மூன்று மாதம்வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம்.

இதைத்தான் 'தேர்டு பார்ட்டி' என்று பேச்சுவழக்கில் சொல்கிறோம். முதல் நபர் வண்டிக்குரிய நாம். இரண்டாம் நபர் கம்பெனி. மூன்றாம் நபர் நம் வண்டியால் பாதிக்கப்படும் அயலார். டானிங்டன் பக்கம் சாலையோரம் நடந்து செல்லும் தேயிலைத் தொழிலாளியும், எதிரே ஸ்கூட்டரில் வரும் மாணவனும் அந்த மூன்றாம் நபரே. அவர் இறந்தாலோ ஊனமுற்றாலோ தீர்ப்பாயம் விதிக்கும் இழப்பீட்டைக் கம்பெனி செலுத்தும். அவருடைய பொருளுக்கு நேரும் சேதத்திற்கு, காரைப் பொறுத்தவரை ரூ.7.5 இலட்சம் என்ற வரம்பு வழக்கமாக உண்டு. கட்டணத்தில் சிறிது குறைப்பதற்காக இவ்வரம்பை ரூ.6,000 ஆகச் சுருக்கிக்கொள்ளவும் இடமுண்டு. நம் பத்திரத்தில் எந்த எண் அச்சாகியிருக்கிறது என்று பார்த்துக்கொள்வது நலம். இன்றைய கார் ஒன்றின் முன்விளக்கை மாற்றுவதற்குக்கூட ரூ.6,000 போதாது.

இக்கட்டாயக் காப்பீட்டின் கட்டணத்தை மத்திய அரசே அறிவிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த அறிவிப்பின்படி, ஓர் ஆண்டுக்கு 1,000 சி.சி. வரையிலான சொந்தக் காருக்கு ரூ.2,094; அதற்கு மேல் 1,500 சி.சி. வரை ரூ.3,416, அதற்கும் மேற்பட்டவற்றிற்கு ரூ.7,897, வரி தனி. கம்பெனிக்குக் கம்பெனி இது மாறுவதில்லை. ஆகவே, "எங்களிடம் தேர்டு பார்ட்டி மலிவு" என்று ஒருவர் சொன்னால், எதைக் குறைத்து மலிவாக்கினார் என்று கேட்பது நம் உரிமை.

உடன் அமர்ந்திருப்போருக்கு

தாயார் கேட்ட கேள்விக்கு இனி வருவோம். நம் காரில் நம்மோடு பயணம் செய்யும் மனைவி மக்களும், வழியில் ஏற்றிக்கொள்ளும் அண்டைவீட்டாரும் மூன்றாம் நபர்கள்தாமே என்று நினைக்கத் தோன்றும். சட்டம் அவ்வாறு கொள்ளவில்லை. சட்டக் கட்டாயத்திற்காக மட்டும் எடுக்கப்படும் பாலிசி, சொந்தக் காரில் கட்டணமின்றிப் பயணம் செய்வோரைத் தன் காப்பிற்குள் கொண்டுவருவதில்லை. இரு சக்கர வண்டியின் பின்னிருக்கையில் அமர்பவருக்கும் இதே நிலைதான் என்று உச்ச நீதிமன்றம் 2006-இல் தீர்ப்பளித்தது.

2012 நவம்பர் 20-ஆம் நாள் அதே நீதிமன்றம் அளித்த தீர்ப்பு ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்க வேண்டியது. காரில் பயணம் செய்து காயமுற்ற ஒருவர் இழப்பீடு கோரிய வழக்கு அது. வண்டிக்கு இருந்தது கட்டாயத்திற்கான வெறும் பாலிசியானால் கம்பெனிக்குப் பொறுப்பில்லை. 'பேக்கேஜ்' அல்லது 'காம்ப்ரிஹென்சிவ்' எனப்படும் முழுமைப் பாலிசியானால் காரில் இருப்போரும் காக்கப்படுவர் என்று நீதிபதிகள் விளக்கினர். எந்த வகைப் பாலிசி அது என்பதைப் பத்திரத்தைப் பார்த்து ஆராயும்படி வழக்கைத் தீர்ப்பாயத்திற்கே திருப்பி அனுப்பினர். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் 2009 நவம்பர் 16-இல் வெளியிட்ட சுற்றறிக்கையில், முழுமைப் பாலிசி காரில் பயணம் செய்வோரையும் உட்கொள்ளும் என்று கம்பெனிகளுக்குத் தெளிவுபடுத்தியிருந்தது.

ஒரு மனிதர் காயமுற்றுக் கிடந்து, வழக்குத் தொடர்ந்து, உச்ச நீதிமன்றம்வரை போன பிறகும், முடிவு அந்தத் தாளின் தலைப்பில் இருந்த சொல்லையே பொறுத்து நின்றது. அச்சொல்லை வாங்கும் நாளிலேயே படித்துவிட நமக்கு ஒரு நிமிடம் போதும். 'லயபிலிட்டி ஒன்லி' என்று இருந்தால் அது அயலாருக்கான காப்பு மட்டுமே. 'பேக்கேஜ்' அல்லது 'காம்ப்ரிஹென்சிவ்' என்று இருந்தால் உடன் வருவோரும் அதில் அடக்கம்.

ஓட்டுபவருக்கு

ஓட்டுபவர் யார் என்பதைப் பொறுத்து மூன்று நிலைகள் உண்டு.

வண்டியின் உரிமையாளரே ஓட்டினால், அவர் தமக்கே மூன்றாம் நபர் ஆக முடியாது. அவருக்காகவே 'உரிமையாளர்-ஓட்டுநர் விபத்துக் காப்பு' என்று ஒன்று தனியாக உள்ளது. 2018 வரை காருக்கு ரூ.2 இலட்சமாக இருந்த அதன் தொகை ரூ.15 இலட்சமாக உயர்த்தப்பட்டது. ஆர்.சி. புத்தகத்தில் பெயர் உள்ளவருக்கு, செல்லத்தக்க ஓட்டுநர் உரிமமும் இருந்தால்தான் இது பயன்படும். ஒருவருக்கு இரண்டு மூன்று வண்டிகள் இருந்தாலும் இக்காப்பை ஒருமுறை எடுத்தால் போதும். ஒவ்வொரு பாலிசியிலும் சேர்த்துப் பணம் கட்ட வேண்டுவதில்லை.

உறவினரோ நண்பரோ இரவலாக வாங்கி ஓட்டினால் நிலை வேறு. அண்ணன் வண்டியைத் தம்பி ஓட்டுவதும், மாமனார் வண்டியை மருமகன் ஓட்டுவதும் நம் வீடுகளில் அன்றாட நிகழ்ச்சி. இவ்வாறு ஓட்டும்போது பிறர் தவறின்றித் தானே விபத்துக்குள்ளானால், இரவல் வாங்கியவர் உரிமையாளரின் இடத்திலேயே நிற்கிறார். ஆதலால் மூன்றாம் நபர் என்ற முறையில் அவர் இழப்பீடு கோர இயலாது என்று உச்ச நீதிமன்றம் 2009-இலும் 2020-இலும் கூறியுள்ளது. உரிமையாளருக்கான ரூ.15 இலட்சம் காப்பும் அவரைச் சேராது. இக்குறையை ஓரளவு நிரப்ப, பெயர் குறிப்பிடாத பயணிகளுக்கும் ஓட்டுபவருக்கும் தலைக்கு ரூ.2 இலட்சம்வரை விபத்துக் காப்பைச் சேர்த்துக்கொள்ளலாம். எங்கள் பாலிசியில் இதற்குச் சில நூறு ரூபாயே கூடிற்று.

சம்பளத்துக்கு ஓட்டுநரை வைத்திருப்போர், அவருக்கான பொறுப்பு பத்திரத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கு ஆகும் கட்டணம் மிகச் சிறிது. நம் குடும்பத்தை இருட்டிலும் மூடுபனியிலும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பவரை, அச்சிறு தொகைக்காகக் காப்பிற்கு வெளியே நிறுத்துவது நீதியன்று.

சரக்கு வண்டியும் வாடகைக் காரும்

மலைநாட்டில் இருக்கும் நமக்கு இப்பகுதி மிகவும் வேண்டியது. பச்சைத் தேயிலை ஏற்றும் பிக்கப் வண்டிகளில், தோட்டங்களிலிருந்து ஆட்களும் ஏறி வருவதைக் காண்கிறோம். கல்யாண வீட்டுக்கும் துக்க வீட்டுக்கும் உறவினரை ஏற்றிச் செல்ல, பேருந்து இல்லாத சிற்றூர்களில் சரக்கு வண்டியையே அமர்த்துகின்றனர். சரக்கு வண்டியின் காப்பீடு சரக்குக்கு உரியவரையும், அவர் சார்பில் உடன் வருபவரையும், வண்டிக்காரரிடம் வேலை செய்பவர்களையும் ஒரு வரம்புக்கு உட்பட்டுக் காக்கும். வெறுமனே பயணிகளாக ஏறியவர்களை அது காக்காது என்று 2002 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கம்பெனியை முதலில் பணம் கட்டச் சொல்லி நீதிமன்றம் ஆணையிட்ட வழக்குகளிலும், அத்தொகையை உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ளும் உரிமை கம்பெனிக்குத் தரப்பட்டது.

ஒரு வண்டியில் இருபது பேர் ஏறி, அது ஒரு வளைவில் கவிழ்ந்தால், இருபது குடும்பங்களின் இழப்பும் அந்த ஒருவர் தலையில் விழும். அவரிடம் இருப்பதோ அந்த ஒரு வண்டி. ஒருவேளை ஓர் ஏக்கர் தேயிலை. அவரும் அழிவார், காயமுற்றவர்க்கும் எதுவும் கிடைக்காது. ஆகவே, திருவிழாவுக்கோ திருப்பயணத்திற்கோ வண்டி அமர்த்தும் பங்குக் குழுக்கள், வாடகை பேசுமுன் அந்த வண்டியின் காப்பீட்டுப் பத்திரத்தை வாங்கிப் பார்ப்பது கடமையாகும். ஆட்களை ஏற்றுவதற்கு உரிமம் பெற்ற வண்டியா, எத்தனை பேருக்குக் காப்பு என்ற இரண்டையும் எழுதிவைத்துக்கொள்ளலாம்.

சொந்தக் காரை வாடகைக்கு விடுவோரும் கவனிக்க வேண்டும். கோடை சீசனில் உதகைக்கும் கோடநாட்டுக்கும் வரும் சுற்றுலாப் பயணிகளுக்கு, வெள்ளைப் பலகைக் காரையே வாடகைக்குக் கொடுத்து நாலு காசு பார்க்கலாம் என்று சிலர் எண்ணுகின்றனர். சொந்தக் கார்ப் பாலிசியில், 'உபயோக வரம்பு' என்ற தலைப்பின்கீழ், வாடகைக்கு விடுதல் கூடாது என்று அச்சிட்டிருக்கிறது. அவ்வாறு ஓடும்போது விபத்து நேர்ந்தால், வண்டிச் சேதத்திற்குப் பணம் கிடைக்காது. அயலாருக்கான பொறுப்பையும் கம்பெனி மறுக்க 150-ஆம் பிரிவு இடம் தருகிறது.

வண்டிக்கு

ஆட்களைப்பற்றிய கேள்விகள் முடிந்தபின் இரும்பைப்பற்றிக் கேட்கலாம். முழுமைப் பாலிசியின் முதற்பகுதியே நம் வண்டிக்கானது. நெருப்பு, இடி, திருட்டு, கலவரம், நிலநடுக்கம், வெள்ளம், புயல், ஆலங்கட்டி மழை, உறைபனி, வெளியிலிருந்து நேரும் விபத்து ஆகியவை அதில் வரிசையாக எழுதப்பட்டுள்ளன. நிலச்சரிவும் பாறைச்சரிவும் அவ்வரிசையில் தனியே பெயர் சொல்லி இடம்பெற்றிருக்கின்றன. 2009 நவம்பரில் நீலகிரியில் பெய்த பெருமழையையும், மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் மாண்டதையும் மறந்தவர் நம்மில் யார்? ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழையிலும் மேட்டுப்பாளையம் சாலையில் கல்லும் மரமும் விழுகின்றன. தேர்டு பார்ட்டி மட்டும் எடுத்தவரின் கார்மேல் பாறை விழுந்தால், அவருக்கு ஒரு காசும் வராது. காட்டெருமை குறுக்கே பாய்ந்து மோதினாலும் அவ்வாறே.

முழுமைப் பாலிசி என்பதால் முழுத் தொகையும் வரும் என்று எண்ணுவதும் தவறு. 'புல் கவர்' என்று முகவர்கள் சொல்லும் சொல் பத்திரத்தில் எங்கும் இல்லை. தேய்மானம் என்ற ஒன்று உண்டு. வழக்கமான நிபந்தனைகளின்படி, பிளாஸ்டிக், ரப்பர், டயர், பாட்டரி ஆகியவற்றிற்குப் பாதித் தொகையே கிடைக்கும். கண்ணாடிக்குக் கழிவு இல்லை. உலோகப் பாகங்களுக்கு வண்டியின் வயதுக்கேற்பக் கழிவு கூடும். ஐந்து முதல் பத்து ஆண்டுவரையுள்ள வண்டிக்கு அது நூற்றுக்கு 40.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஆறு வயதுக் காருக்கு ரூ.12,000 பெறுமான பிளாஸ்டிக் பம்பரும், ரூ.15,000 பெறுமான கதவும், ரூ.8,000 பெறுமான முன்கண்ணாடியும் மாற்ற வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பம்பருக்கு 6,000, கதவுக்கு 9,000, கண்ணாடிக்கு 8,000; ஆக ரூ.23,000. இதில், ஒவ்வொரு கோரிக்கையிலும் நாமே ஏற்க வேண்டிய கட்டாயத் தொகை என்று, 1,500 சி.சி. வரையிலான காருக்கு ரூ.1,000 கழியும். மீதி ரூ.22,000. பாகங்களின் விலை ரூ.35,000 ஆகையால், நம் கையிலிருந்து போவது ரூ.13,000. பழுதுபார்க்கும் கூலிக்குத் தேய்மானக் கழிவு இல்லை. 'ஜீரோ டெப்' என்ற கூடுதல் காப்பைச் சேர்த்தால் தேய்மானக் கழிவும் இராது. ஆனால் கட்டணம் உயரும். வண்டிக்கு வயதாகிவிட்டால் பல கம்பெனிகள் அதைத் தருவதில்லை.

தேய்ந்து பழுதாகும் பாகங்களுக்கும், இயந்திரம் தானே கெட்டுப்போவதற்கும், குடித்துவிட்டு ஓட்டியபோது நேர்ந்த சேதத்திற்கும் பணம் கிடையாது. ஒரு சேதத்தின் பின்விளைவாக வரும் நட்டமும் ஏற்கப்படுவதில்லை. 2015 டிசம்பரில் சென்னையை வெள்ளம் சூழ்ந்தபோது இவ்விதியின் பொருளைப் பலர் அறிந்தனர். வெள்ளம் புகுந்த சேதம் பாலிசிக்குள் வரும். தண்ணீரில் நின்ற வண்டியை முடுக்கியதால் என்ஜின் சிதைந்தால், அது பின்விளைவு என்று சொல்லிக் கம்பெனிகள் மறுத்தன. என்ஜினுக்கென்று தனிக் காப்பு உண்டு. சமவெளியில் பிள்ளைகளுடன் வசிப்போருக்கு அது பயன்படும். மேட்டில் வீடு உள்ளோர் யோசித்து முடிவு செய்யலாம்.

மலையில் இருப்போர் கேட்க வேண்டிய இன்னொன்று, வண்டியை இழுத்துச் செல்லும் செலவு. வழக்கமான பாலிசி இதற்குத் தருவது ரூ.1,500 வரைதான். பள்ளத்தில் இறங்கிய காரைத் தூக்கி, மேட்டுப்பாளையத்திற்கோ கோவைக்கோ கொண்டுசெல்ல அத்தொகை எங்ஙனம் போதும்? வழித்துணை உதவி என்று கம்பெனிகள் விற்கும் கூடுதல் காப்பு கோத்தகிரிச் சாலைகளுக்கும் உண்டா, எத்தனை கி.மீ. வரை என்று எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். பணம் கேட்காமல் பழுதுபார்த்துத் தரும் பட்டறை மலைமேல் உண்டா, கீழேதான் உண்டா என்பதும் அப்படியே.

விலையைக் குறைத்துக் காட்டும் வழிகள்

ஒரே காருக்கு இரண்டு கம்பெனிகள் வெவ்வேறு தொகை சொன்னால், முதலில் 'ஐ.டி.வி.' என்ற எண்ணைப் பார்க்க வேண்டும். வண்டி திருட்டுப்போனாலோ முற்றும் அழிந்தாலோ கிடைக்கும் உச்சத் தொகை அது. ஐந்து ஆண்டுக்கு மேற்பட்ட வண்டிக்கு இரு தரப்பும் பேசி முடிவு செய்வதே மதிப்பு. அதை ஓர் இலட்சம் தாழ்த்தி எழுதினால் கட்டணம் குறையும்; பாறைக்குக் கீழ் வண்டி நசுங்கும் நாளில் அந்த இலட்சம் நம் நட்டம். நாமே ஏற்கும் தொகையைக் கூட்டிக் கட்டணத்தைக் குறைப்பது இன்னொரு வழி. இவை குற்றமல்ல, நமக்குத் தெரியாமல் செய்யப்படுவதே குற்றம்.

கோரிக்கை இல்லாத ஆண்டுகளுக்கு 'நோ கிளெய்ம் போனஸ்' என்ற தள்ளுபடி உண்டு. நூற்றுக்கு 20-இல் தொடங்கி 25, 35, 45, 50 என்று உயரும். இது வண்டிக்கு உரியதன்று, ஆளுக்கு உரியது. பழைய கார் வாங்குவோருக்கு விற்றவரின் தள்ளுபடி சேராது. "போட்டுக் குறைத்துத் தருகிறேன்" என்று யாரேனும் சொன்னால் மறுத்துவிட வேண்டும். பொய்யான அறிவிப்பால் பெற்ற தள்ளுபடி, பின்னால் வண்டிச் சேதக் கோரிக்கை முழுவதையும் இழக்கச் செய்யும்.

நாள் கணக்கு

பழைய வண்டி வாங்கினால் விற்றவரின் பாலிசியில் மாதங்கள் மீதி இருக்கக்கூடும். மூன்றாம் நபருக்கான பகுதி வண்டியோடு தானே வந்துவிடும். சொந்தச் சேதப் பகுதி அவ்வாறு வராது. உரிமை மாறிய 14 நாளுக்குள் கம்பெனியிடம் விண்ணப்பித்து நம் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். உச்ச நீதிமன்றமும் இவ்வேறுபாட்டை வலியுறுத்தியிருக்கிறது.

புதிய கார் வாங்குவோருக்கு வேறொரு மயக்கம் உண்டு. உச்ச நீதிமன்ற ஆணைப்படி, 2018 செப்டம்பர் 1 முதல் புதிய காருக்கு மூன்று ஆண்டுக்கும், புதிய இரு சக்கர வண்டிக்கு ஐந்து ஆண்டுக்கும் தேர்டு பார்ட்டிக் காப்பைச் சேர்த்தே எடுக்க வேண்டும். சொந்தச் சேதக் காப்போ பெரும்பாலும் ஓராண்டுக்குத்தான் தரப்படுகிறது. பத்திரத்தில் 'மூன்று ஆண்டு' என்று பார்த்துவிட்டு, இரண்டாம் ஆண்டு புதுப்பிக்காமல் விட்டவர் எத்தனையோ பேர். இரண்டு பகுதிகளுக்கும் முடிவு நாள் வெவ்வேறாக அச்சிடப்பட்டிருக்கும். இரண்டையும் வீட்டு நாட்காட்டியில் குறித்துவைக்க வேண்டும். கட்டணம் கம்பெனியின் கைக்குச் சேருமுன் பொறுப்புத் தொடங்காது என்பது 1938-ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் விதி. "நாளை கட்டிவிடலாம்" என்று முகவரிடம் சொல்லிவிட்டு மலை இறங்குவது ஆபத்து.

கையெழுத்துக்கு முன்

முன்மொழிவுப் படிவத்தை முகவர் நிரப்பினாலும், கையெழுத்திடுவது நாம். பெயர், பதிவு எண், என்ஜின் எண், சேசிஸ் எண், எரிபொருள், இருக்கைகள், உபயோகம் ஆகியவற்றை ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்பார்க்க வேண்டும். பின்னாளில் கேஸ் பொருத்தினாலும் கம்பெனிக்கு அறிவிக்க வேண்டும். முதல் பக்கத்தை மட்டும் வாங்கிக்கொண்டு திருப்தியடையாமல், நிபந்தனைகள் முழுவதையும் கேட்டு வாங்க வேண்டும். புரியாத இடத்தை அலுவலகத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் பெறுவது சிறந்தது. வாய்ச்சொல் பத்திரத்தை மாற்றாது.

இவ்வளவு கவனித்த பின்னும் நியாயமான கோரிக்கை மறுக்கப்பட்டால், முதலில் கம்பெனிக்கே எழுத்தால் முறையிட வேண்டும். ஒரு மாதத்தில் தீர்வு இல்லையெனில், சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி விண்ணப்பிக்கலாம், வழக்கறிஞர் தேவையில்லை. உதகையில் மாவட்ட நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது.

எங்கள் இல்லத்தில் முடிவாக முழுமைப் பாலிசியையே எடுத்தோம். உரிமையாளர் விபத்துக் காப்பையும், உடன் வருவோர்க்கான காப்பையும் சேர்த்தோம். சொந்தச் சேதப் பகுதியில் நாமே ஏற்கும் தொகையைச் சற்றுக் கூட்டிச் செலவைச் சரிக்கட்டினோம். பம்பர் உடைந்தால் பணம் சேர்த்து மாற்றிக்கொள்ளலாம். எல்லாக் குடும்பத்திற்கும் இதே முடிவு பொருந்தும் என்று நாம் சொல்லவில்லை. மிகப் பழைய வண்டியை ஊருக்குள் மட்டும் தனியே ஓட்டுபவருக்குக் குறைந்த பாலிசியே போதுமானதாக இருக்கலாம். எதை விடுகிறோம் என்று தெரிந்து விடுவதே வேண்டுவது.

அடுத்த முறை புதுப்பிக்கும் நாள் வருமுன், வண்டியில் இருக்கும் பத்திரத்தை ஒரு மாலைப்பொழுதில் வீட்டிற்குள் எடுத்துவந்து, மேசையைச் சுற்றி அனைவரும் அமர்ந்து படியுங்கள். எதிரே வருபவருக்கு என்ன, பின்னால் அமர்பவருக்கு என்ன, ஓட்டுபவருக்கு என்ன என்று ஒவ்வொருவரின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். விடை இல்லாத பெயர் ஒன்று இருந்தால், முகவர் வரும்போது அதையே முதலில் கேளுங்கள். தொகையைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.